மழை மூக்குத்தி

பைய அங்க வைக்காத அப்பு. இங்கிட்டு வை, என் கண்ணுக்கு முன்னாடி. இன்னும் கொஞ்சம் கிட்ட. ம், அங்கதான். கோவிச்சுக்காத. உன்னைய மட்டும்னு இல்ல, நான் யாரையும் நம்புறதில்ல. இந்த இருளாயி கண்ணுல மண்ணத் தூவிட்டு ஒரு எறும்புகூட இந்தப் பக்கம் போனதில்ல. வேணும்னா வழியில எவனையும் கேட்டுப் பாரு.

உன் யாளி நல்லாக் குடிக்கட்டும். தொட்டியில தண்ணிக்குக் குறைவில்ல, மலை ஊத்து. வண்டியத்தான் இப்படிக் குறுக்க நிறுத்திட்ட. எனக்குப் படிக்கட்டு மறைக்குதுல்ல? சரி விடு, அதுக்கும் மூச்சு வாங்குது. குடிச்சு முடிச்சதும் நகத்திரு. என் யாளிக்குப் பக்கத்துல மட்டும் விடாத. குட்டைவாலின்னு பேரு. வயசான உசுரு, இருமல்காரி.

என்ன கேட்ட? கோயிலுக்கு வழியா?

எதுக்கு?

இல்ல, எதுக்குன்னு கேக்குறேன். ஏழு வருஷமா இந்தப் படிக்கட்டுக்குக் கீழ உக்காந்திருக்கேன். பகல்ல உக்காருவேன், ராத்திரி குறுக்கயே பாயப் போட்டுப் படுப்பேன். வண்டிக்காரங்க வருவாக, தண்ணி காட்டுவாக, மலைப் பக்கம் தலையத் திருப்பாம ஓடிருவாக. நாக்கல்மலைக்கு வழி கேட்ட மொத ஆளு நீதான். கேக்கும்போது உன் கை பையத் தொட்டுச்சு, நான் பாத்தேன். என்ன இருக்கு உள்ள? கடப்பாரையா? புதையல் தோண்டுற ஆளா நீ?

சொல்ல மாட்ட. சரி, நான் சொல்றேன், நீ கேளு. கேட்டு முடிச்சுட்டு நீயா சொல்லுவ.

பின்னாடி உலக்கைச் சத்தம் கேக்குதா? அது என் தங்கச்சி பேச்சி. கம்பு குத்துறா. அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு நிம்மதி. நின்னுச்சுன்னா எந்திரிச்சுப் போயிப் பாப்பேன். பேருதான் பேச்சி. பேசி ஏழு வருஷமாச்சு.

மேல இடிஞ்சு கிடக்கு பாரு கோபுரம், கூப்பிடு தூரந்தான், எழுபது படி. வாக்காத்தா கோயில். ஒரு ராசா கட்டுனான். ஏழாவது நிலை வைக்கல, நல்ல நாள் தப்பிப் போகுதேன்னு அவனுக்கு அவசரம். நேரா அவ முன்னாடி போயி நின்னு, "தாயே, முடிச்சுட்டேன்"னு சொல்லிட்டான். சொன்ன வாய மூடல, கோபுரம் மொத்தமும் இறங்கிருச்சு. ராசா நாக்கு கருங்கல்லாப் போச்சு. தூணுல செதுக்கி நிறுத்தியிருந்த யாளியெல்லாம் பயந்துபோயிக் குதிச்சு இறங்கி ஓடியாந்துருச்சு. அதுக வம்சந்தான் என் குட்டைவாலி, உன் வண்டியில பூட்டியிருக்க பாரு, அதுவும். அன்னையிலேருந்து அந்த நாலு சுவத்துக்குள்ள நின்னு பொய் சொன்னா நாக்கு கல்லு. பெரிய பொய்யி, சின்னப் பொய்யி, வெளாட்டுக்குச் சொன்னது, அதெல்லாம் அவகிட்ட நடக்காது. வாக்குன்னா வாக்கு.

மருந்தா? ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சொன்ன பொய்யி என்னைக்கு நெசமாகுதோ அன்னைக்குக் கல்லு கரையும். எங்க ஊருல கொம்பையான்னு ஒருத்தன். ஊருப் பொங்கலுக்குக் கம்பு கேட்டதுக்கு, "என் குதிருல ஒரு மணி கிடையாது"ன்னான். மேல ஏறிச் சொல்லுன்னாக. ஏறிச் சொன்னான், திமிரு. குதிரு நிறையக் கம்பு, வாய் நிறையக் கல்லு. மறு வருஷம் எலி பூந்து அம்புட்டையும் தின்னுருச்சு. கடைசி மணியும் தீந்த அன்னைக்கு, "ஐயோ போச்சே"ன்னு கத்திக்கிட்டே எந்திரிச்சான். கம்பு போச்சேன்னு அழுகுறதா, நாக்கு வந்துச்சேன்னு சிரிக்கிறதான்னு தெரியாம ரெண்டையும் சேத்துப் பண்ணுனான். நான் கண்ணால பாத்தது.

சிரிக்காத. எதுக்குச் சிரிக்கிற? பேச்சுக் குடுத்துக்கிட்டே பைய நகத்துற பாரு. நான் கதை சொல்லுவேன், ஆனா கண்ணு பைய விட்டு எடுக்க மாட்டேன். தெரிஞ்சுக்க.

இப்ப எங்க கதைக்கு வாரேன். எங்க ஆத்தாவுக்கு ஒரு மூக்குத்தி. ஒத்தக் கல்லு, செவப்பு. இந்தச் சீமையில மழை சொல்லிக்கிட்டு வராது, தெரியும்ல? வானமே கழண்டு விழுந்த மாதிரி வரும். வெட்டவெளியில நின்னவன் போனவன்தான். ஆனா அந்தக் கல்லுக்கு முந்தியே தெரியும். மழைக்கு ஒரு நாழிகை இருக்கும்போது மூக்குல தீப்பிடிச்ச மாதிரி செக்கச்செவேல்னு எரியும். வண்டிக்காரங்க எல்லாரும் ஆத்தா மூக்கப் பாத்துட்டுத்தான் வண்டியவே கிளப்புவாக. எங்க ஆத்தாவுக்கு அதுல பெருமை தாங்காது. முறைப்படி அது மூத்தவளுக்கு வரணும். மூத்தவ யாரு? நான்.

ஆத்தா காய்ச்சல்ல படுத்தா. பதினோராம் நாள் விடியக்காலை அடங்கிருச்சு. குளிப்பாட்டப் போறோம், மூக்குல கல்லக் காணோம். முந்தின நாள் சாயந்தரம் இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். வீட்டுல யாரு இருந்தா? நான், பேச்சி. அம்புட்டுதான். மூணாவது உசுருன்னா குட்டைவாலி. அது சன்னல்ல தலைய விட்டு ஆத்தா மூஞ்சிய நக்கிக்கிட்டே நின்னுச்சு, கையில ஊட்டி வளத்த பாசம். நாக்கா அது, அரம். ஆத்தா மூக்கு கன்னமெல்லாம் செவந்து போற அளவுக்கு நக்கும், போன்னாலும் போகாது. வாயில்லாச் சீவன் அத விடு. நான் எடுக்கல. அப்ப எடுத்தது யாரு? நீயே சொல்லு. கணக்குப் போடப் பெரிய படிப்பு வேணுமா இதுக்கு?

அவ எடுக்கலன்னு சாதிச்சா. அழுதா. "என்னையவா சொல்ற, என்னையவா சொல்ற"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரி இல்ல அப்பு. எனக்கும் அழுகை வந்துச்சு. ஆனா அழுகுறவளத்தான் மொதல்ல பாக்கணும். அவ பெட்டியத் தொறந்து பாத்தேன், தலகாணியக் கிழிச்சுப் பாத்தேன், அவ தலைய விரிச்சு முடிக்குள்ள விட்டுக்கூடப் பாத்தேன். காணோம். பெறகுதான் சொன்னேன், ஏறுடி மலைக்கு, கற்பூரத்தக் கொளுத்தி அணைச்சுச் சத்தியம் பண்ணுடின்னு.

வந்தா. எழுபது படியும் பொலம்பிக்கிட்டே வந்தா. வாய் ஓயாது அவளுக்கு, பொறந்ததுலேருந்தே அப்படித்தான். "கூடப் பொறந்தவள இங்க கூட்டியாந்துட்டியே, இதோட சரி, செத்தாலும் இந்த மலையில இன்னொருவாட்டிக் கால் வைக்க மாட்டேன்"னு படிக்கு ஒருவாட்டி சொன்னா. உள்ள போனோம். இடிஞ்ச சுவரு, நடுவுல வாக்காத்தா. மேல கூரை கிடையாது. கற்பூரத்த ஏத்தி உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "எங்க ஆத்தா மூக்குத்திய நான் எடுக்கல, எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியாது"ன்னு சொல்லி அணைச்சா. நாக்கக் காட்டுன்னேன். நீட்டுனா. சும்மா இருந்துச்சு, செவப்பா. "இப்பத் திருப்தியாக்கா?"ன்னு கேட்டா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

ஆனா கேளு. வெளிய வந்து மூணு படி இறங்கல, அப்படியே நின்னுட்டா. வாயத் தொறக்குறா, சத்தம் வரல. விரல விட்டுப் பாத்தேன். கல்லு. சில்லுன்னு, கருங்கல்லு.

என்னைய எப்படிப் பாத்தான்னு நினைக்கிற! முழி வெளிய வந்துருச்சு. நானும் ஆடிப்போயிட்டேன். ஆனா மனசுக்குள்ள ஒரு பக்கம், அப்பாடா, கண்டுபிடிச்சுட்டோம்னு இருந்துச்சு. பொய் சொன்னவன்னு வாக்காத்தா காட்டிட்டால்ல.

உடனே ஏன் ஆகலன்னா? ஏன், கொஞ்ச நேரம் எடுக்காதா? கசாயம் குடிச்சாக்கூட வேலை செய்ய நேரமாகும். இது நாக்கு. நீ என்ன குறுக்குக் கேள்வி கேக்குற, நீ யாரு வக்கீலா?

மறுநாள் விடிஞ்சதும் அவ மலைப் படியில காலை வச்சுட்டா. ஓடிப்போயிப் பிடிச்சேன். மலையக் காட்டுறா, வாயக் காட்டுறா, கையக் கூப்புறா. எனக்குப் புரியாதா? மலையிலதான் ஒளிச்சு வச்சிருக்கேன், நீ வாயத் தொறக்காத, உன்னையக் கும்புடுறேன். அதானே அர்த்தம்? போகும்போது முந்தானையில முடிஞ்சு கொண்டுபோயி கல்லு இடுக்குல சொருகிட்டு வந்திருக்கா. இப்ப எடுக்கப் போறா. விடுவேனா? நானும் ஏறித் தேடுனேன், ஒரு மாசம் தேடுனேன், ஒவ்வொரு கல்லாப் புரட்டுனேன். கிடைக்கல. பெரிய கைகாரி. அன்னையிலேருந்து படிக்கட்டுக்கு நான்தான் கதவு. ஏழு வருஷத்துல எத்தனைவாட்டி ஓடிருக்கா தெரியுமா? ஒவ்வொருவாட்டியும் அதேதான். மலையக் காட்டுவா, வாயக் காட்டுவா, கையக் கூப்புவா. நான் இழுத்துட்டு வந்துருவேன். ஒருவாட்டி இழுத்த இழுப்புல அவ முழங்கை பிசகிருச்சு. நான்தான் எண்ணெய் போட்டு நீவி விட்டேன்.

அவளுக்கு நான் குறை வச்சதில்ல, பாத்துக்க. கல்லு நாக்க வச்சுக்கிட்டு எதை மெல்லுவா? கஞ்சிய வடிகட்டி, கொஞ்சங் கொஞ்சமா அண்ணாந்து ஊத்தி விடுறது யாரு? நான்தான். ஒரு நாள் தப்புனதில்ல. ஊத்தும்போது என் கையப் பிடிச்சுக்குவா. அப்ப மட்டும் எனக்குத் தாங்காது. இந்த வீட்டுல எம்புட்டுப் பேச்சு பேசுவா தெரியுமா? தண்ணி எடுக்கப் போனா அதுக்கு ஒரு கதை, கோழி முட்டை வச்சா அதுக்கு ஒரு கதை. வாய மூடுடின்னு நான் கத்தாத நாளில்ல. இப்ப உலக்கைச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி அக்கான்னு கூப்புட மாட்டாளான்னு இருக்கு. ஆனா எப்படிக் கரையும்? எடுத்தது எடுத்ததுதான். எடுக்கலங்கிறது என்னைக்கும் நெசமாகப் போறதில்ல.

நல்லவேளை, மழைக்கு மட்டும் வழி இருக்கு. குட்டைவாலிக்கு ஒரு ஞானம் வந்துருச்சு. மழைக்கு ஒரு நாழிகை முந்தி அதோட தொண்டைக்குழி செக்கச்செவேல்னு ஆயிரும். தோலுக்கு மேலயே தெரியும். ஆத்தா போனதுக்கப்புறம் வந்த ஞானம், அப்பருந்துதான் இருமலும். எங்க ஆத்தாளே அதுக்குள்ள பூந்துட்டான்னு வண்டிக்காரங்க கும்புட்டுட்டுப் போறாக.

என்ன அப்பு, மொகம் மாறுது?

மலை மேல கடைசியா என்ன சொன்னான்னா கேக்குற? அதான் சொன்னேனே, திருப்தியாக்கான்னு... இல்ல, அதுக்குப் பெறகு ஒண்ணு சொன்னா. என்னத்தப் பெருசா சொல்லப் போறா? வாசல்ல திரும்பிக் கையெடுத்து, "போயிட்டு வாரேன் தாயே"ன்னா. எல்லாரும் சொல்றதுதானே. எங்கேருந்து கிளம்புனாலும் அப்படித்தானே சொல்லுவோம். நான் சொல்லல. எனக்கு அவ முந்தானை மேலயே கண்ணு, சாமிய எங்க கும்புட்டேன்.

ஏன் எந்திரிக்கிற? உக்காரு. ஆங், இப்பத் தெரிஞ்சுபோச்சு. கதை முடியுற நேரத்துல எந்திரிச்சு ஓடப் பாக்குற. தொறடா பைய. நானே தொறக்குறேன், விடு கைய. விடுன்னா! என்னடா இது இந்தக் கட்டுக் கட்டியிருக்க, பல்லால கடிச்சுல்ல அவுக்கணும் போல.

ம்... கற்பூரம். பை நிறையக் கற்பூரமா?

உன் தம்பிக்கா? அவன் உன் மேல செய்வினை வச்சுட்டான்னா? எப்படித் தெரியும்? உன் இன்னொரு யாளி குட்டி ஈனும்போது செத்துச்சு, உன் பொண்டாட்டி தூக்கத்துல உளறுறா, சரி. கூட்டியாந்து சத்தியம் வாங்குறதுக்கு முந்தி இடத்தைப் பாத்துட்டுப் போக வந்தியா. இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் உன்னையக் களவாணின்னு நினைக்கப் போறேன். விவரமான ஆளுதான் நீ.

ஆமா, உலக்கைச் சத்தம் எங்க?

எப்ப நின்னுச்சு? உனக்குத் தெரியுமா? பேச்சி! ஏ பேச்சி! வண்டிய நகத்து, சீக்கிரம், படிக்கட்டு தெரியல. உன் பையப் பாத்துக்கிட்டே முதுகக் காட்டி உக்காந்துட்டேனே. நகத்துய்யா!

ஷ்... இரு.

கேட்டுச்சா?

உனக்கும் கேட்டுச்சா அப்பு? மேலேருந்து. அக்கான்னு கேட்டுச்சுல்ல? அது எங்க பேச்சி. கொஞ்சம் கரகரன்னு இருக்கு, ஆனா அவதான். ஏழு வருஷம்! ஐயோ, என் தாயி, பேசிட்டா! பேச்சீ! இங்கதான்டி இருக்கேன்! சொல்லுடி!

என்ன சொல்றா? காத்து அடிக்குது. நீ கேளு, உனக்கு இளங்காது.

"அக்கா, நான் போறேன்."

போறேன்னா சொன்னா? நல்லாக் கேட்டியா? வாரேன்னு இருக்கும். போயிட்டு வாரேன்னு இருக்கும். எவளாச்சும் போறேன்னு சொல்லுவாளா? எழவு வீட்டுல இருந்து வரும்போதுகூடச் சொல்லாமத்தான் எந்திரிச்சு வருவோம். சின்னப் புள்ளையில வாய் தவறிச் சொன்னாக்கூட ஆத்தா வாயிலயே போடுவா.

இரு. கல்லு எப்படிக் கரைஞ்சுச்சு? எடுக்கலன்னு சொன்னது இன்னைக்கு எப்படி நெசமாகும்? ஆத்தா செத்து ஏழு வருஷமாச்சு. என்னது? மெதுவாச் சொல்லு. வாரேன்னு சொன்னா...

வந்துட்டா.

செத்தாலும் வர மாட்டேன்னு மனசுல வச்சுக்கிட்டு வாயில வாரேன்னு சொல்லியிருக்கா. வாக்குன்னா வாக்கு. அவ்வளவுதானா? அதுக்குத்தானா? அப்ப மொதல்ல பண்ணுன சத்தியம்... அது பொய்யா இருந்தா, இந்த ஒத்தச் சொல்லு நெசமானதுக்கு நாக்கத் தந்திருப்பாளா வாக்காத்தா?

அவ எடுக்கல.

மலையக் காட்டுனா அப்பு. வாயக் காட்டுனா. கையக் கூப்புனா. மேல போனா வாய் வந்துரும், விடுன்னு கும்புட்டிருக்கா. ஏழு வருஷமாக் கும்புட்டிருக்கா. நான் கைய முறிச்சு இழுத்துட்டு வந்தேன்.

பேச்சீ! போயிட்டு வாடீ! கேக்குதா? போயிட்டு வான்னு சொல்றேன்டி!

பதிலக் காணோம். அந்தப் பக்கம் இறங்கிட்டா. எங்க வருவா இனி? அந்த நாலு சுவத்துக்குள்ள நின்னு போறேன்னு சொல்லியிருக்கா. திரும்பி வந்தா அந்தச் சொல்லு பொய்யாயிரும், மறுபடியும் நாக்கு கல்லு. தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா. நான் ஏறிப் பிடிச்சுட்டு வந்துரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. என்கிட்டேருந்து தப்பிக்கிறதுக்கு அவளுக்கு இதத் தவிர வேற கதவே இல்ல பாரு.

நீ உன் கற்பூரத்தக் கட்டிக்கிட்டு ஊரு போயிச் சேரு. தம்பியக் கூட்டியாராத. கூடப் பொறந்தவன் எதுக்குச் செய்வினை வைக்கப் போறான்? வச்சிருக்க மாட்டான். ம்... வச்சிருந்தாலும் வச்சிருப்பான், யாரு கண்டா.

ஐயோ, குட்டைவாலி தொண்டையப் பாரு! செவந்து எரியுதே. பெருமழை வரப்போகுது. அந்தப் பக்கம் ஒரு மரம் கிடையாது, வெறும் பொட்டல். மழை வர்றத அவளுக்கு யாரு சொல்லுவா? கையில அந்த மூக்குத்தியாச்சும் இருந்திருந்தா நான் குடுத்து விட்டிருப்பேனே. பேச்சீ! மழை வருதுடி! பாறையப் பாத்து ஒதுங்குடி!

அவ எடுக்கல. நான் எடுக்கல. பெறகு யாருதான்யா எடுத்தது? வெளியாளு எவனோ வந்திருக்கான். எவனோ அன்னைக்குச் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான்.

ஏய்யா, நான் இங்க வயித்துல அடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ என்ன குட்டைவாலி வாயத் தொறந்து உள்ளயே பாத்துக்கிட்டு நிக்கிற? கைய எடு. எடுடாங்கிறேன்! எனக்குன்னு மிச்சம் இருக்குறது அந்த ஒரு உசுருதான், அதையும் களவாங்கவா வந்த?